மஞ்சணத்தி ஓடைச் சேனை

ஆற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். ஆனாலும் வடிவு ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழைய செய்தித்தாள் கட்டைத் தலைமேல் தாங்கியபடி கடந்தாள்.

"சோத்துப் பை நனையுது. பேப்பரப் பத்திரமாப் பிடிச்சிருக்கா பாரு," என்றான் பின்னால் வந்த சங்கரலிங்கம். அவள் கணவன். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியன். முதுகில் வரைபலகையும், கழுத்தில் வண்ணப் பெட்டியுமாக ஆமையைப் போல நடந்தான்.

"சோறு நனைஞ்சா திங்கலாம். பேப்பர் நனைஞ்சா செடிய எதுல அமுக்க?"

"மொதல்ல செடி கெடைக்கட்டும்ட்டி."

அக்கரையில் கயிற்றைக் கட்டிவிட்டு நின்ற மாத்தன் காணி சிரிக்கவில்லை. அந்த மலையின் காணிப் பழங்குடியில் பிறந்து வளர்ந்தவர். மூன்று வருடமாக வடிவுக்கு வழிகாட்டி. மேற்கே திரண்டிருந்த மேகத்தைப் பார்த்துச் சொன்னார். "மேல மழ பேஞ்சா இந்தக் கயித்துக்கு மேல தண்ணி போவும். நாளைக்கும் நாளான்னைக்கும்தான் தேட நேரம். அதுக்கு மறுநாள் காலைல திரும்பிரணும், டீச்சர்."

வனத்துறை கொடுத்திருந்த அனுமதியும் இன்னும் நான்கு நாட்களுக்குத்தான். மூன்று வருட அனுமதியில் கடைசி நான்கு நாட்கள்.

வடிவு கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம், மஞ்சணத்தி ஓடைச் சரிவில் அந்தச் செடியைப் பார்த்தாள். குடை விரித்தாற்போல் ஒரே ஓர் இலை. காம்பில் பாம்புத்தோல் போலப் புள்ளிகள். சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அவள் அறிந்த எதனோடும் அது ஒத்துப்போகவில்லை.

புது இனம் என்று இலையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பூ வேண்டும். இந்தச் செடிகளோ பூவையும் இலையையும் ஒன்றாகக் காட்டாதவை. பங்குனிக்குள் இலை வாடி மண்ணோடு போய்விடும். கோடை மழை விழுந்ததும் வெறும் தரையைப் பிளந்துகொண்டு பூ வரும். இரண்டு நாள் நிற்கும். பிறகு சுருண்டு விழும். போன வருடம் ஜூன் மாதம் வந்தபோது அழுகிய தண்டுகள்தான் மிச்சம். ஒரு கருத்தரங்கில் இலைப் படத்தைக் காட்டிப் பேசியபோது, "மணமகள் படம் இல்லாத கல்யாணப் பத்திரிகையா?" என்று ஒருவர் கேட்டார். அரங்கமே சிரித்தது. வடிவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள். அதைப் பார்த்தவன் சங்கரலிங்கம் ஒருவன்தான். பூ கிடைத்தால் வரைந்துகொடுக்க அவன் விடுப்புப் போட்டு வந்திருப்பதன் காரணமும் அதுதான்.

இந்த முறை கோடை மழை தொடங்கியதுமே, தயாராக வந்திருந்தாள். போன செப்டம்பரிலேயே பதினோரு செடிகளுக்கு எண் போட்ட அலுமினியத் தகடுகளைக் கட்டி வைத்திருந்தாள். தகடு இருக்கும் இடத்தில் பூ இருக்கும். நேரே போய்ப் பார்த்தால் போதும்.

இரண்டாம் நாள் பிற்பகல் சரிவின் அடிவாரத்தை அடைந்தார்கள். ஓடை வளைவில், சருகும் மணலும் ஒதுங்கிய குழியில் ஏதோ மினுங்கியது. மாத்தன் குனிந்து பொறுக்கினார். ஏழாம் எண். பக்கத்திலேயே மூன்று. அப்புறம் ஒன்பது.

வடிவு அப்படியே நின்றாள். தகடுகளை அவள் இலைக்காம்புகளில் கட்டியிருந்தாள். இலை வாடும் என்று நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவள். இலை விழுந்தால் தகடும் விழும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

"எல்லாரும் ஊர விட்டு எறங்கி வந்துட்டாங்க போலிருக்கு," என்றான் சங்கரலிங்கம். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "சரி விடு. எடம் மறந்தா போச்சு? ஏறித் தேடுவோம்."

இடம் மறந்துதான் போயிருந்தது. இலையும் பச்சையுமாகப் பார்த்த சரிவு இப்போது சருகு மூடிக் கிடந்தது. ஈத்தை என்னும் மெல்லிய மூங்கில் புதர் வேறு பாதிச் சரிவை விழுங்கியிருந்தது. இருட்டும் நேரம் நெருங்கியபோது பாதிச் சரிவுகூட முடியவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. எங்கோ செத்து அழுகிப்போன உடலின் நாற்றம். சங்கரலிங்கம் துண்டால் மூக்கைப் பொத்தினான்.

மாத்தன் கையை நீட்டி மறித்தார். "நில்லுங்க. ஒரு அடி வைக்கக் கூடாது. சிறுத்த அடிச்சுப் போட்டிருக்கு. இரைக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கும்."

"இன்னும் கொஞ்சம் மேலதானே அண்ணே..." என்றாள் வடிவு.

"இரை வாடை வந்தா திரும்பிரணும். எங்க ஆளுக யாரும் மீற மாட்டாங்க. நானும் மீற மாட்டேன்."

திரும்பினார்கள்.

மறுநாள் காலை முழுவதும் ஓடையின் மறுகரையில் தேடினார்கள். ஒன்றுமில்லை. உச்சி வெயிலில் களைத்துப்போய், ஒரு பாறை நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எதிரே, நேற்று பின்வாங்கிய அதே ஈத்தைப் புதர். காற்று அங்கிருந்துதான் வீசியது.

"நேத்து கொடலப் பெரட்டின எடத்துக்கு எதுக்க ஒக்காந்து திங்கேன். நல்லாவே எறங்குது," என்றான் சங்கரலிங்கம். "பொம்பள கையில வாங்கிச் சாப்பிட்டா எல்லா நாத்தமும் போயிரும் போல."

வாய்க்குப் போன கவளம் வடிவின் கையிலேயே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"ஒன்னப் புகழ்ந்தேன்ட்டி."

"அது இல்ல. நாத்தம் இல்லன்னீங்களே." அவள் எழுந்துவிட்டாள். "மாத்தண்ணே, செத்தது கெடந்தா வெயில் ஏற ஏறத்தானே நாறணும்? நேத்து சாயங்காலம் அப்படி நாறினது இன்னிக்கி உச்சி வெயில்ல ஏன் நாறல?"

"இழுத்துட்டுப் போயிருக்கும்."

"இல்லன்னா அது செத்ததே இல்ல. எஞ் செடி. இந்தக் குடும்பத்துச் செடிங்க பூ விரிஞ்ச மொத நாள் அந்தியில மட்டும் அப்படி நாறும். பிணமுன்னு நெனச்சு ஈயும் வண்டும் ஓடி வரும். அதுக்குத்தான் அந்த வேஷம். மறுநாள் வாடை அடங்கிரும். அதுக்கு அடுத்த நாள் பூவே விழுந்துரும்."

"அப்ப இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாப்போம். வாடை வந்தா செடி, வராட்டா சிறுத்த," என்றான் சங்கரலிங்கம்.

"இன்னிக்கி வராதுன்னுதானே சொல்லுதேன். நாளைக்கு விடிஞ்சதும் நாம கெளம்பணும். இப்ப விட்டா அவ்வளவுதான்."

மாத்தன் கையால் வெயிலை மறைத்துப் புதருக்கு மேலே வானத்தை வெகுநேரம் பார்த்தார். மெல்லச் சொன்னார். "இரை கெடந்தா இந்த நேரம் பருந்து சுத்தும். காக்காயாவது கத்தும். ஒண்ணையும் காணோம்." பிறகு சோற்றுத் தட்டைக் கழுவி வெட்டுக்கத்தியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். "நான் முன்னால போறேன். தட்டிக்கிட்டே போவேன். நான் நிறுத்தினா நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாக்காம எறங்கிரணும்."

தட்டுச் சத்தம் முன்னே போக, ஈத்தைக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். முள் இழுத்தது. அட்டை ஏறியது. ஐம்பது அடி போனதும் மாத்தன் சட்டென்று தட்டுவதை நிறுத்தினார்.

முன்னால் மண் கிளறிக் கிடந்தது. அதன் நடுவே ஒரு தாய்ப்பன்றி, மூக்கில் மண்ணோடு நிமிர்ந்து பார்த்தது. கால்களுக்கிடையே நான்கு குட்டிகள்.

இறங்க நேரம் இல்லை. பன்றி ஓர் உறுமலோடு பாய்ந்தது. மாத்தன் பக்கவாட்டில் தாவினார். சங்கரலிங்கம் வடிவைப் பின்னால் தள்ளிவிட்டு, முதுகிலிருந்த வரைபலகையைப் பிடுங்கி முன்னே நீட்டினான். மோதிய வேகத்தில் பலகை இரண்டாகப் பிளந்தது. அவன் மல்லாந்து ஈத்தைக்குள் விழுந்தான். மாத்தன் தட்டை அடித்துக் கத்தினார். பன்றி அவனைத் தாண்டி, குட்டிகள் வரிசையாகப் பின்தொடர, சரிவில் இறங்கி மறைந்தது.

"ஏங்க, அடி பட்டுச்சா?"

"பலகைக்குத்தான். நான் முழுசா இருக்கேன்."

வடிவு அவன் கைகால்களைத் தடவிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே முழங்காலிட்டாள்.

பன்றி கிளறிய மண்ணில், பாதி தின்ற கிழங்கோடு ஒரு பூ சாய்ந்து கிடந்தது. மடல் கிழியவில்லை. ஐந்தடி தள்ளிப் பாறை ஓரத்தில் இன்னொன்று, யாரும் தொடாமல் நிமிர்ந்து நின்றது.

முழங்கை உயரம்கூட இல்லை. தாழம்பூவுக்கு இருப்பது போல ஒற்றை மடல். வெளியே புள்ளியிட்ட பச்சை, உள்ளே கத்திரிக்காய்த் தோலின் கருஞ்சிவப்பு. மடலுக்கு நடுவே மெழுகுவர்த்தி போலத் தண்டு, அதன் தலை முழுக்கக் குழிகள். தண்டின் அடியில் பெண்பூக்கள் ஒரு வளையம். மேலே ஆண்பூக்கள் மகரந்தத்தை நூல் நூலாகக் கக்கிக்கொண்டிருந்தன. மடலின் அடியில் பச்சை ஈக்கள் ஊர்ந்தன. மூக்கை ஒட்டக் கொண்டுபோனால்தான் மெல்லிய வாடை. குழி விழுந்த தண்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் புத்தகங்கள் அவளுக்கு மனப்பாடம்.

அவள் தரையில் வயிறு பதியப் படுத்து, கைக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணமாகி ஆறு வருசத்துல என்ன இப்படி ஒரு தடவ பாத்திருக்கியாட்டி?" என்றான் சங்கரலிங்கம்.

"ஒங்க தலையில குழி இல்லையே," என்றாள் கண்ணை எடுக்காமல்.

நிற்கும் பூவை அவள் தொடவில்லை. அது காய்க்கட்டும். பன்றி பிடுங்கிப்போட்ட பூவை எடுத்து அளந்தாள், பெண்பூக்களை எண்ணினாள், மடலைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்தாள். ஒரு பாதி செய்தித்தாளுக்குள் போனது. மறு பாதி, கெடாமல் இருக்க, சாராயப் புட்டிக்குள். சங்கரலிங்கம் பலகையின் ஒரு துண்டில் உட்கார்ந்து, மறு துண்டில் தாளை வைத்து, நிற்கும் பூவை வரைந்தான். நடுவில் தூறல் விழுந்தது. மாத்தன் குடை பிடித்தார், மனிதனுக்கு அல்ல, தாளுக்கு.

"செடி ஒட்டுற காகிதத்துல சேகரிச்சவங்க பேரு எழுதுவிய இல்ல?" என்றான் சங்கரலிங்கம். "உள்ளத எழுதணும். சேகரித்தவர், காட்டுப்பன்றி."

அன்றுதான் மாத்தன் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார்.

இறங்கும் முன் வடிவு ஏழாம் எண் தகட்டைக் கம்பியால் ஒரு கனத்த கல்லில் சுற்றி, அந்தப் பூவின் அருகே மண்ணில் பாதி புதைத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஆற்றில் தண்ணீர் மார்பளவு ஓடியது. செய்தித்தாள் கட்டை இந்த முறை சங்கரலிங்கம் தலையில் வைத்திருந்தான். சோற்றுப் பை நடு ஆற்றில் போய்விட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, புது இனம்தான் என்று தாவரவியல் ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. வடிவும் சங்கரலிங்கமும் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாத்தனின் குடியிருப்புக்குப் போனார்கள். உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள் வடிவு. கட்டுரை அச்சாகும் முன் அதில் சேர்க்க வேண்டும்.

"பேரே இல்ல டீச்சர். வாடை வந்தா திரும்பிருவோம். திரும்பிப் போனவன் எங்க போயி பூவப் பாக்க, எங்க பேரு வைக்க?"

"அப்ப ஒங்க பேரையே வைக்கட்டுமா அண்ணே?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. "நாறுத பூவுக்கு இவரு பேருதான் சரி. வைங்க தாயி."

மாத்தன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பேரு கெடக்கட்டும். இனிமே அந்த வாடை வந்தா பயப்படாமப் போலாம்னு எங்க பிள்ளைகளுக்குச் சொல்லவா?"

வடிவு பதறிப்போனாள். தகடு கட்டிய புத்திசாலித்தனம் நினைவுக்கு வந்தது. "வேண்டாம்ண்ணே. அந்தியில வந்தா திரும்பிரச் சொல்லுங்க, எப்பவும் போல. மறுநாள் மத்தியானம் தள்ளி நின்னு மோந்து பாக்கச் சொல்லுங்க. பருந்து சுத்துதான்னும் பாக்கச் சொல்லுங்க."

"ரெண்டும் இல்லன்னா?"

"தட்டு தட்டிக்கிட்டே போகச் சொல்லுங்க," என்றான் சங்கரலிங்கம். "கையில ஒரு பலகையும் இருக்கட்டும்."