யாரும் அசையாதீங்க!

அன்று மழை பெய்ததா, வெயில் கொளுத்தியதா... சத்தியமாக நினைவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேனா என்பதும் சந்தேகம்தான்.

ஆனால் போன் அடித்தது. அது நிச்சயம்!

எடிட்டிங் அறையின் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த தங்கை போனை எடுத்தாள்.

“சொல்லுண்ணா.”

“ஈயம் போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?”

“அட மண்டு... செத்துட்டாரு! பட்டறையில. மண்டை உடைஞ்சு கிடக்காரு. போலீஸ் வந்திருக்கு. நான் கேமராவோட நிக்கிறேன்.”

“கேமராவோடயா?!”

“வேற எதோட நிக்கச் சொல்ற? கைக்குட்டையோடயா?”

அண்ணன் டைரக்டர். தங்கை எடிட்டர். ஈயம் என்பவர் அவர்களுடைய ஆவணப்படத்தின் நாயகர்.

எழுத்தை அவரே வரைவார். எஃகுத் துண்டில் இடவலம் மாற்றி அவரே செதுக்குவார். அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, பள்ளத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி வார்ப்பதும் அவரே. பிறகு, சரியாக வரவில்லை என்று ஊரையே திட்டுவதும் அவரே! தெரு அவருக்கு வைத்த பெயர்தான் ஈயம்.

அவரைப் பற்றிய படத்துக்கு எந்தத் தயாரிப்பாளரும் சிக்கவில்லை. அதனால் இணையத்தில் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். கெடுவுக்குள் இலக்கைத் தொட்டால் பணம் கைக்கு வரும். தொடாவிட்டால் அத்தனையும் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும்.

கெடு அந்த வாரக் கடைசியில். இலக்கு பாதிகூட நிரம்பவில்லை.

“அண்ணா... அவர் பொண்ணு எங்க?”

“அவளைத்தான் ஜீப்ல ஏத்தறாங்க.”

“என்னது!”

“காலையில அப்பனும் பொண்ணும் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டிருக்கு. பட்டறையோட இன்னொரு சாவி அவகிட்டதான். உள்ள ஒரு பொருள் கலையல, ஒண்ணும் கீழ விழல. அப்புறம் மண்டை தானாவா உடையும்னு இன்ஸ்பெக்டர் கேக்கறாரு. சரி, வைக்கிறேன்... வெளிச்சம் போகுது!”

போனைக் கீழே வைத்த பிறகும் தங்கை அசையவில்லை.

எதிரே திரையில் அந்த மகள் உறைந்து நின்றாள். சூடு பட்ட அப்பாவின் விரலுக்குக் களிம்பு தடவும் காட்சி. அதை எத்தனை தடவை வெட்டி ஒட்டியிருப்பாள் தங்கை! அந்த முகத்தின் ஒவ்வொரு இமைப்பும் அத்துப்படி.

‘இவளா? இருக்கவே இருக்காது!’

★

மறுநாள் மதியத்துக்குள் இலக்கு நிரம்பிவிட்டது.

அண்ணன் நாற்காலியில் சுழன்றுகொண்டே வந்தான். சுழல்வதற்கென்றே செய்த நாற்காலி அது. ஆனாலும் தங்கை அதைக் காலால் தடுத்து நிறுத்தினாள்.

“பாத்தியா? ‘அவர் மறைந்தார். படம் மறையாது’ன்னு ஒரே ஒரு வரி போட்டேன். கொட்டோ கொட்டுன்னு கொட்டறாங்க!”

“அண்ணா, போன மாசம் நீ என்ன போட்ட? ஈயம் ரத்தத்துல ஏறி சாகக் கிடக்கறார்னு போட்ட. அவர் கல்லு மாதிரி இருந்தாரு. அது பொய்தானே?”

“இப்போ உண்மையாயிடுச்சே!”

“அதைப் பாத்துட்டு அவர் கத்தினது ஞாபகம் இருக்கா? ‘நான் சாகலடா நாயே, அதையும் படம் புடிச்சுப் போடு’ன்னு...”

“அதான் போடறதுக்குள்ள போயிட்டாரே. பாவம்.”

“பாவமா? பொண்ணு உள்ள இருக்காண்ணா. வக்கீல் வைக்கக்கூட ஆளில்ல.”

“இருக்கட்டுமே. கதைக்கு நல்லது.”

“தூ!”

“துப்பிக்கோ. துடைச்சிட்டு எடிட் பண்ணு. ஆங்... பணம் போட்டவங்களுக்குச் சொன்ன பரிசை அனுப்பிட்டேன். குறை ஏதாவது எழுதினா நீயே பதில் போட்டுடு. எனக்கு டிவி பேட்டி இருக்கு.”

அந்தப் பரிசு அண்ணனின் யோசனைதான். ‘பட்டறையின் அமைதி’. ஒரு நிமிட ஒலிப்பதிவு.

படமெடுப்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. ஓர் இடத்தில் வேலை முடிந்ததும் அத்தனை பேரும் சிலையாக நிற்பார்கள். அந்த அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். பேச்சை வெட்டிய இடங்களில் பள்ளம் தெரியாமல் நிரப்புவதற்கு! ரூம் டோன் என்பார்கள். அதைத்தான் ஞானிகளின் மௌனம்போல அலங்கரித்து அனுப்பியிருந்தான்.

முதல் குறை மாலைக்குள் வந்துவிட்டது.

‘ஐயா, அமைதி என்று அனுப்பியதில் யாரோ குறட்டை விடுகிறார். நல்ல அமைதியாகப் பார்த்து மாற்றித் தரவும்.’

தங்கை சிரித்துவிட்டாள்.

அடுத்த கடிதமும் அதையே சொன்னது.

அதற்கடுத்ததும்!

சிரிப்பு நின்றது.

அவள் ஹெட்போனை மாட்டினாள். கண்ணை மூடினாள். மற்றவர்களுக்கு அது ஒரு நிமிடம். அவளுக்கு ஓர் ஊர்வலம். மின்விசிறியின் முனகல். உலையில் ஆறும் ஈயத்தின் மெல்லிய டிக் டிக். ஜன்னல் கதவின் கிறீச்.

அவற்றுக்கு அடியில்... இழுத்து, நின்று, மறுபடி இழுத்து...

அது குறட்டை இல்லை.

இருவருக்கும் பொதுவான டிஸ்க்கில் வெட்டாத அசல் பதிவைத் தேடினாள். கிடைத்தது. ஈயம் செத்த அதே நாள். போலீஸுக்குத் தகவல் போவதற்கு வெகு முன்பு.

தொடக்கத்தில் அண்ணனின் குரல். எல்லாப் படப்பிடிப்பிலும் சொல்வானே, அதே நிதானம்.

“ரூம் டோன். பட்டறை. யாரும் அசையாதீங்க... யாரும் பேசாதீங்க.”

பிறகு இன்னொரு குரல். தரையிலிருந்து.

“தண்ணி...”

“ஷ்ஷ்ஷ்!”

தங்கை ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வாஷ்பேசினுக்கு ஓடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தவளால் அதைத் தொடவே முடியவில்லை.

கூடப் பிறந்தவன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். காய்ச்சலில் கிடந்தபோது கதை சொன்னவன்.

இன்னொரு பக்கம்... லாக்கப்பில் ஒரு களிம்புக் கை.

அறையின் மௌனம்கூட இப்போது அருவருப்பாக இருந்தது.

★

விடிந்ததும் அண்ணன் இரண்டு காபியோடு வந்தான்.

“என்ன மூஞ்சி இது? ராத்திரி தூங்கலையா?”

“நீ தூங்கினியா?”

“நல்லாத் தூங்கினேன்.”

தங்கை பட்டனைத் தட்டினாள்.

*யாரும் அசையாதீங்க...*

காபிக் கோப்பை மேஜையில் மெல்ல உட்கார்ந்தது. அண்ணனும்தான்.

“கேக்காமயா இதை எல்லாருக்கும் அனுப்பின?”

“திரையில சத்தத்தோட கோடு தட்டையா இருந்துச்சு. பாத்து வெட்டினேன்...”

“எடிட்டரோட அண்ணன்! காதால வெட்டணும்னு தெரியாது?”

“இங்க பாரு. நான் அடிக்கலம்மா! ஷூட்டிங்குக்குப் போனேன். மேல் அடுக்குல இருந்து ஈய எழுத்துத் தட்டை இழுத்திருக்காரு. அவ்வளவு கனமும் தலையில இறங்கியிருக்கு. நான் போனப்பவே கீழதான் கிடந்தாரு!”

“அப்போ தட்டு எங்க? எதுவும் கீழ விழலன்னியே!”

“எடுத்து மேல வெச்சேன். சிதறின எழுத்தையெல்லாம் பொறுக்கினேன். ஃப்ரேமுக்கு இடைஞ்சலா இருந்துச்சு.”

“ஃப்ரேமுக்கு!”

“பழக்கதோஷம்!”

“நீ சுத்தம் பண்ணதாலதான் விபத்து கொலையாச்சு. அந்தப் பொண்ணு உள்ள போனா. வாயைத் தொறந்தியா நீ?”

அவன் கோப்பையின் விளிம்பைத் துடைத்தான்.

“சரி, அதை விடு. ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடல?”

அண்ணன் காபியைப் பார்த்தான்.

“கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாரு.”

சொன்ன விதம்தான் கொடுமை. கடைக்குப் போயிருந்தால் சர்க்கரை வாங்கியிருக்கலாம் என்பதுபோல் சொன்னான்.

“அழிச்சிடு. நீ என் தங்கச்சி. இது நம்ம ரெண்டு பேர் படம்.”

“இன்ஸ்பெக்டர் கையில ஒரு காப்பி இருக்கு. நான்தான் குடுத்தேன். அவ வீட்டுக்குப் போகணும்.”

“அடிப்பாவி! யாரோ ஒருத்திக்காக...”

“ஆமா. யாரோ ஒருத்தி. ஒரு தப்பும் பண்ணாதவ!”

அண்ணன் அவளை வெறித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்... தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“எதுக்குச் சிரிக்கற?”

வாசல் மணி அடித்தது.

இன்ஸ்பெக்டர். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். தங்கை சுவரோடு ஒட்டி நின்றாள்.

“சார்... அவங்களை விட்டுட்டீங்களா?”

“அந்தப் பதிவை நீங்க முழுசா கேட்டீங்களாம்மா?”

“ஒரு நிமிஷம் கேட்டேன், சார். ரூம் டோன் எப்பவும் ஒரு நிமிஷம்தான். அதுக்கு மேல யாரும்...”

“எனக்கு உங்க தொழில் தெரியாது. அதனால நான் கடைசி வரைக்கும் கேட்டேன். உங்கண்ணன் மெஷினை அணைக்க மறந்துட்டாரு.”

இன்ஸ்பெக்டர் போனை மேஜையில் வைத்துத் தட்டினார்.

கதவு திறக்கும் ஓசை. ஒரு பெண் குரல். தங்கை எத்தனையோ தடவை வெட்டி ஒட்டிய குரல்!

“இன்னும் எவ்வளவு நேரம்? மூச்சு இருக்கா?”

“இழுத்துக்கிட்டுதான் இருக்கு. உள்ள வராத. தட்டை மேல ஏத்திட்டேன்.”

“ஏன்? விழுந்தது விழுந்தபடியே இருக்கட்டுமே...”

“விபத்துன்னா யாரும்மா பணம் போடுவா? கொலைன்னாதான் கொட்டும். உன்னைத்தான் பிடிப்பாங்க. பயப்படாத. ஆதாரம் எதுவும் இல்ல. நாலு நாள்ல விட்டுடுவாங்க. அநியாயமா மாட்டின மகள் வெளிய வர்றதுதான் என் க்ளைமாக்ஸ்! உனக்குப் பட்டறையை விக்கணுமா, வேணாமா?”

கொஞ்ச நேரம் வெறும் மின்விசிறி. அதற்கடியில் அந்த இழுப்பு.

“விக்கணும்.”

“அப்போ போய் வாசல்ல நில்லு.”

செருப்புச் சத்தம் நகர்ந்தது... நின்றது.

“வெளிய வர்ற அன்னிக்கு என்ன கலர் போட்டுக்கட்டும்?”

இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார். கான்ஸ்டபிள்களில் ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். உள்ளே காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் திறந்தார்.

“காப்பாத்திட்டியா?” என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தங்கை மறுபடி வாஷ்பேசினைத் தேடி ஓடினாள்.

★

அண்ணனுக்கும் மகளுக்கும் சிறை. தனித்தனிக் கட்டடம். ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததில் இருவருக்கும் சம பங்கு.

பட்டறையை வாங்க யாரும் வரவில்லை. ஈயத்தின் எழுத்துகள் சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டப்பட்டு, நீதிமன்றக் கிடங்கில் மூட்டையாகக் கிடக்கின்றன.

திரட்டிய பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனது. பலர் நன்றி சொல்லவில்லை. கொலை சமாச்சாரத்தோடு சேர்த்துப் படம் எப்போது வரும் என்றுதான் கேட்டு எழுதினார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போனார்.

தங்கை ஆவணப்படங்களை விட்டுவிட்டாள். இப்போது கல்யாண வீடியோக்கள் எடிட் செய்கிறாள். அங்கேயும் எல்லாம் நடிப்புதான்... ஆனால் கொலைவெறி வருவதற்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆகிறது!