லீவு கேட்கக் கூடாத வீடு

"எங்கம்மாவுக்கு லீவு வேணும்."

கேட்டுவிட்டாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து எதைக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாளோ, அதை வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள். டாக்டரம்மா வீட்டில் பழைய துணி கேட்கலாம், மிஞ்சிய ரொட்டி கேட்கலாம், பள்ளிக்கூட நோட்டு கூடக் கேட்கலாம். லீவு மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டதற்கு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கையாலேயே அம்மா இவள் வாயைப் பொத்தினாள். அந்தச் சோப்புக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

டாக்டரம்மா டாக்டர் இல்லை. டாக்டருக்கு வாக்கப்பட்டவள். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியும் பட்டத்தை மட்டும் அவள் கைவிடவில்லை. கதவைத் திறந்தவள் மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

"உள்ள வாம்மா. மணி நாலாகப் போகுது. டீ குடிச்சிட்டுப் பேசலாம்."

அம்மாவை அடக்கம் செய்து அன்றோடு பதினேழு நாள்.

கூடத்து மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. பொன் விளிம்பு போட்ட இரண்டு வெள்ளைக் கப், இரண்டு சாசர், ஓரம் நறுக்கி முக்கோணமாக வெட்டிய ரொட்டி, ஒரு தட்டில் பிஸ்கட், மடித்து வைத்த இரண்டு துணிகள். டாக்டரம்மா தனியாக இருப்பவள். இவள் வரப்போவதாக யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது கப் யாருக்கு என்று கேட்டாள். உனக்குத்தான் என்றாள் டாக்டரம்மா, இது என்ன கேள்வி என்பது போல.

இருபத்தாறு வருடம் அம்மா உழைத்த வீட்டில் இவள் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்பக்கம் திரை போட்ட வாசல், அதற்கப்பால் சமையலறை. அங்கே ஏதோ ஒரு பாத்திரத்தின் மூடி மெல்ல எழுந்து, ஆவி விட்டு, மறுபடி பாத்திரத்தில் பதிந்தது.

"உள்ள யாரு?"

"பிஸ்கட் எடுத்துக்கோ" என்றாள் டாக்டரம்மா.

வந்த காரணம் செருப்பு. அம்மாவின் நீல ரப்பர் செருப்பைத் தூக்கிப்போட மனம் வராமல் வீட்டு வாசலில் அவள் கழற்றி விட்ட இடத்திலேயே விட்டு வைத்திருந்தாள். நான்காம் நாள் மதியம் மூன்று மணிக்கு அது அங்கே இல்லை. நாய் தூக்கியிருக்கும் என்று நினைத்தாள். ஆறரை மணிக்குப் பார்த்தால் அதே இடத்தில் ஜோடியாக இருந்தது, ஈரமாக, பாத்திரச் சோப்பு வாசத்தோடு. எந்த நாயும் செருப்பைக் கழுவிக் கொண்டுவந்து வைக்காது. மறுநாளும் மூன்று மணி, மறுநாளும் ஆறரை. ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். உயிரோடு இருந்தபோதுதான் உழைத்தாள் என்றால், செத்தும் ஓய்வில்லையா?

அந்தக் கேள்வி எழக் காரணம் இவள் பார்க்கும் வேலை. ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் லீவுப் பிரிவு. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் லீவுக்கு இவள் கையெழுத்து வேண்டும். காய்ச்சலுக்கு லீவு, பிரசவத்துக்கு லீவு, ஒரே மாமியார் மூன்றாம் முறை செத்ததற்கு லீவு. எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. அம்மாவுக்குத்தான் எந்தப் படிவமும் இல்லை. இவளைக் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் என்று தெருவே பேசிய அன்றும் அம்மா மூன்று மணிக்கு வேலைக்குப் போனாள். ஆகவே இன்று காலை இவள் உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள்: வேலையிலிருந்து விலகல். அம்மாவுக்காக இவளே கையெழுத்துப் போட்டாள். மூன்று மணிக்குச் செருப்பு மறைந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

செருப்பு இந்த வீட்டின் பின்வாசல் படியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துச் சுற்றி வந்து, முன்வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் மணியடித்தாள். அம்மாவின் செருப்பு அந்த வாசலை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கடிதத்தை மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடி போட்டு முழுதாகப் படித்தாள். ஒரு எழுத்துப்பிழையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உங்கம்மாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

"அது தெரியுது." அவள் கடிதத்தை நான்காக மடித்துச் சாசருக்கு அடியில் செருகினாள். "நானா அவளைக் கூப்பிட்டேன்? அன்னிக்குச் சாயங்காலம் வேலையெல்லாம் முடிச்சுட்டு, பின்னாடி படியில நின்னு, எப்பவும் போல 'போயிட்டு வரேம்மா'ன்னு சொன்னா. ராத்திரி போய்ச் சேர்ந்துட்டா. ஆனா வரேன்னு சொன்னா இல்ல? வந்தா. சொன்ன சொல்லு தவறாதவ உங்கம்மா. உன்ன மாதிரி பேப்பர்ல எழுதிக் காட்டல."

போறேன் என்ற சொல் அம்மாவின் வாயிலிருந்து வந்ததே கிடையாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவசரத்தில் இவள் போறேன் என்று கத்தினால், திரும்ப அழைத்து, உதட்டில் ஒரு சுண்டு சுண்டி, வரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்கிறோம். கடைக்குப் போகிறவர், ஊருக்குப் போகிறவர், ஆஸ்பத்திரியில் அறுவைக்குப் போகிறவர், எல்லோரும் வரேன் என்றுதான் சொல்கிறோம். அதை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள ஒருத்திக்குத் தோன்றும் என்று யார் கண்டது?

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது.

திரைக்குப் பின்னால் ஒரு கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத மூன்று சுற்று, பிறகு விளிம்பில் இரண்டு தட்டு. இவள் பிறந்ததிலிருந்து கேட்ட தட்டு. தூக்கத்திலும், பரீட்சைக்குப் படித்த அதிகாலைகளிலும், காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தபோதும் கேட்ட அதே இரண்டு தட்டு. கொதித்த தேயிலையின் வாசனை வந்தது, அதன் அடியில் ஈரத்துணியின் வாடை, அதற்கும் அடியில் வேறொரு வாடை, மழைக்குப் பிறகு புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து எழும் வாடை. பிறகு நடை. வழவழப்பான தரையில் வெடித்த குதிகால் உரசும் சத்தம். சரக். நிற்கும். சரக். அந்தக் குதிகாலில் இவள்தான் இரவுதோறும் களிம்பு தடவுவாள்.

சரக்.

திரை அசைந்தது. திரை ஓரமாக ஒரு ஸ்டூல். திரைக்கு இந்தப் பக்கம் வர அனுமதியில்லாதவர்கள் தட்டை வைப்பதற்கான ஸ்டூல். திரையின் கீழிருந்து ஒரு கை நீண்டது. தண்ணீரிலேயே ஊறிச் சுருங்கிய விரல்கள். நகக்கண்களில் மண். கை, டீப் பாத்திரம் இருந்த தட்டை ஸ்டூலில் வைத்தது. டீ சிந்தவில்லை. கை உள்ளே போயிற்று.

டாக்டரம்மா எழுந்து தட்டை எடுத்துவந்து இரண்டு கப்பிலும் ஊற்றினாள். "சர்க்கரை சரியா இருக்கும். அவளுக்குக் கை தப்பாது." ஒரு மிடறு குடித்தாள். "உங்கம்மாவுக்கும் வயசாயிடுச்சு. தட்டு தூக்குறப்ப கை நடுங்குது. எத்தனை நாளைக்கு அவளையே வேலை வாங்குறது, பாவம். நீ சின்னப் பொண்ணு. படிச்சவ. வேணாம்னா இப்பவே வீட்டுக்குப் போ, நான் தடுக்கல. போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, அவ்வளவுதான்."

இவள் எழுந்தாள். எழுந்ததுமே அந்தச் சொல் தானாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடப் பழக்கம். உதடு பிரிந்தது. "சரி, நான் வ—"

டாக்டரம்மாவின் கப் வாய்க்கருகே நின்றது. அவள் கண் இவள் உதட்டில் இருந்தது.

இவள் நாக்கைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது. வாசல் பக்கம் போகாமல் திரை பக்கம் போனாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது. டீ நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்ற குரல் முதல் முறையாக உயர்ந்தது. இவள் திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். வளையங்கள் அறுந்து விழுந்தன.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். முதுகு தெரிந்தது. இடுப்பில் செருகிய முந்தானை, நனைந்த சேலை ஓரம், நரைத்த சின்னக் கொண்டை. அடக்கத்தன்று உடுத்திய சேலை. திரும்பவில்லை.

"அம்மா."

கொண்டை லேசாக ஆடியது. வேண்டாம் என்கிறாள். அம்மா வாழ்நாள் முழுக்கச் சொன்னது அது ஒன்றைத்தான். வேண்டாம், கேக்காதே, வாயைத் திறக்காதே.

அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு முதுகு. அலமாரி நிழலில் ஒன்று. அரிசி டப்பாக்களுக்குப் பக்கத்தில் இரண்டு. சுவர் ஓரமாக வரிசையாக, சுவரைப் பார்த்தபடி. வேறு வேறு காலத்துச் சேலைகள். சாயம் போனவை. நைந்தவை. எல்லாக் கழுத்தும் ஒரே மாதிரி குனிந்திருந்தது. எல்லோரும் கைகளை முன்னால் கோத்திருந்தார்கள். அடுத்த வேலைக்குக் காத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு முன்னால் வேலை செய்தவர்கள். அவர்களுக்கும் முன்னால் செய்தவர்கள். எல்லோரும் ஒருநாள் பின்வாசல் படியில் நின்று வரேன் என்று சொன்னவர்கள்.

ஓடு என்றது உடம்பு. ஓடுகிற அவசரத்தில் வாய் பழக்கமாக வரேன் என்று சொல்லிவிடும்; சொன்னால் அந்த வரிசையில் கடைசி முதுகு இவளுடையது. அது தெரிந்தது. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று மேலே வந்தது. இவளுக்கு அதன் பேர் தெரியும். கோபம்.

தொட்டிக்கு அடியில் கைப்பிடி உடைந்த ஒரு கப் கவிழ்ந்திருந்தது. இந்த வீட்டில் அம்மாவுக்கென்று கொடுத்திருந்த ஒரே பாத்திரம். குனிந்து எடுத்தாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

"உனக்கு வாயில வராதும்மா. தெரியும். நான் சொல்றேன்."

கப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பின்வாசல் பக்கம் திரும்பவில்லை. மேசையைச் சுற்றி, விரிப்பின் நடுவே, முன்வாசலை நோக்கி நடந்தாள். டாக்டரம்மா கப்பும் கையுமாகக் கதவருகே வந்து நின்றாள். கிட்டத்தில் அவள் முகம் தேயிலைக் கறை படிந்த துணி மாதிரி இருந்தது.

"வரேன்னு சொல்லிட்டுப் போம்மா. அபசகுனமா பேசாதே. உங்கம்மா உன்ன அப்படியா வளர்த்தா?"

"நல்லாத்தான் வளர்த்தா." இவள் அவள் கண்ணைப் பார்த்தாள். "போறோம்."

கடிகாரச் சத்தம் நின்றது.

பிறகு சமையலறையில் அடுப்பு அணைந்தது.

சரக்.

விரிப்பில் ஒரு காலடி. இவளுக்குப் பின்னால். சரக். அடுத்து இன்னொன்று, வேறு நடை. இன்னொன்று. ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. டாக்டரம்மாவின் பார்வை இவளைத் தாண்டிப் போயிற்று. அவள் வாய் திறந்தது. யாரும்மா அடுப்பப் பாத்துக்கறது, என்றாள், மிகச் சின்னக் குரலில். கையிலிருந்த கப் தானாகச் சாய்ந்தது. சூடான டீ அவள் சேலையில் வழிந்தது. துடைக்க யாரும் வரவில்லை.

இவள் செருப்பை மாட்டினாள். பக்கத்திலிருந்த நீலச் செருப்பைப் பார்க்கவில்லை. படியிறங்கினாள். பின்னால் ரப்பர் சத்தம் சப்பென்று இறங்கியது. அதற்குப் பின்னால் வெறுங்கால்கள்.

கேட்டைத் திறந்தாள். தன் வீட்டில் இரண்டே அறை, இரண்டே கப். எங்கே உட்கார வைப்பது, என்ன கொடுப்பது, அவர்களுக்கு என்னதான் வேண்டியிருக்கும், எதுவும் தெரியாது. அம்மாவை அந்த வேலையிலிருந்து விடுவிக்கும் முடிவு மட்டும் காலையிலேயே எடுத்தாயிற்று. இனித் திரும்பிப் பார்க்கக் கூடாது.

சாயும் வெயில் முதுகில் அடித்தது. தெரு காலியாக இருந்தது. இவள் நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. அதை ஒட்டி ஒரு கொண்டை நிழல். அதற்கு அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கம் மூன்று. இன்னும். இன்னும். தெருவின் அகலம் முழுக்க நிழல்கள். எல்லாக் கழுத்தும் குனிந்திருந்தது. நிமிர்ந்த நிழல் ஒன்றே ஒன்றுதான்.

வரட்டும் என்று இவள் நடந்தாள்.