சர் ஹார்பினின் வாய்

பகலிலேயே விளக்கேற்ற வைக்கும் லண்டன் மூடுபனி. இருபத்தாறு வருடமாக ஏறும் கல்லச்சுக்கூடப் படிகளில் அன்றும் ஏறினேன். மெழுகும் ஈரக்கல்லும் கலந்த அதே வாடை. எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் வாரப் பத்திரிகையின் ஓவியர் பாராளுமன்ற மாடத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு தலைவரைக் கேலியாக வரைந்து வருவார். அதை நான் மெழுகுப் பென்சிலால், இடவலம் மாற்றிக் கல்லில் வரைவேன். மெழுகுக் கோடு தண்ணீருக்கு மசியாது. அச்சு முடிந்ததும் மணல் போட்டு அரைத்துவிட்டு, அதே கல்லில் அடுத்த தலைவர்.

அதற்கு முந்தின வாரம் சர் லூசியஸ் ஹார்பின். பக்கவாதம் வந்து அவருக்கு இடப்பக்க வாய் சற்று இறங்கியிருந்தது. ஓவியர் இரக்கப்பட்டு அதை விட்டுவிட்டார். நான் இரண்டு கோடு இழுத்து இறக்கினேன். கேலிப்படம்தானே, சிரிக்கட்டும் என்று நினைத்தேன். ஊரே சிரித்தது. படத்தைப் பார்த்துப் படுத்தவர் எழவில்லை.

அன்று அவர் மனைவி கறுப்பு உடையில் அச்சுக்கூடத்துக்கு வந்தார்.

"அந்த வாயை வரைஞ்சது யாருப்பா?"

"ஓவியர்தாம்மா," என்றேன். வெட்கக்கேடு.

மறுநாள் அதே கல்லில் ஓர் இளம் மந்திரியை வரைந்தேன். மை தடவி, சோதனைத் தாளைக் கல்லிலிருந்து உரித்தபோது, அவருக்கும் இடப்பக்க வாய் தொங்கியது.

நான் இழுக்கவே இல்லை.

மேஸ்திரி பெக்கோவர் எட்டிப் பார்த்தார். "இவனுக்கும் கோணவாயா? சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும். கல்லை ஒழுங்கா அரைய்யா."

அரைத்தேன். மறுபடி வரைந்தேன். மறுபடி தொங்கியது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா வேற இடம் பாத்துக்க," என்றார்.

தோள் கழல அரைத்தேன். மணல் கரகரத்தது. அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

பாதி உதட்டால் விடும் மூச்சு.

அந்த அம்மாளைத் தேடிப் போய் உண்மையைச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. கல்லிடம் குனிந்தேன். "நான்தான் இழுத்தேன். விட்டுருங்கய்யா."

மூச்சு நின்றது.

மூன்றாவது தாளில் வாய் நேராக இருந்தது. அப்பாடா என்று வீட்டுக்குப் போனேன். என் மனைவி டார்கஸ் சூப் வைத்தாள். இரண்டு கரண்டி குடித்திருப்பேன்.

"என்னங்க, ஒரு பக்கமா ஒழுகுது?" கிட்டே வந்தாள். "வாயோரத்துல என்ன இது, கறுப்பா ரெண்டு கோடு?"

ஈரத்துணியால் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

கோடு போகவில்லை.