கண் கீறாத துணி

புதன்கிழமை பின்னேரம் மியூசியக் கதவைத் திறந்து உள்ளே வந்த முஸ்பிறாவுக்கு சுவரில் காயப் போட்டிருந்த ஏழாம் துணியில் இரண்டு ஈ உட்கார்ந்திருப்பதாகத்தான் முதலில் பட்டது. கையை வீசினாள். பறக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். மிளகளவில் இரண்டு கரிப்புள்ளிகள், சின்ன உருவத்தின் தலைக்குள், கண் இருக்கவேண்டிய இடத்தில், அளந்து வைத்தமாதிரி.

அந்தச் சின்ன உருவம் அவளுடைய மகள் பஸ்னா.

கல்முனைக்குத் தெற்கே கடற்கரை வீதியில் கிடந்த பழைய நெல் ஸ்டோர் ஒன்றை வெள்ளையடித்து, கூரைத் தகரத்தை மாற்றி, ஓவிய மியூசியம் ஆக்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எத்தனை தரம் வெள்ளையடித்தும் உமி வாசம் மட்டும் போகவில்லை. ஆகஸ்ட் பள்ளிக்கூட லீவில் ‘குடும்பக் கலை வாரம்’ நடத்தலாம் என்று சொன்னவள் முஸ்பிறா. அதற்குப் பொறுப்பும் அவள்தான். பன்னிரண்டு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு பெரிய வெள்ளைத் துணி. துணியைத் தரையில் விரித்து, ஒவ்வொருவராக அதில் படுத்துக்கொள்ள, மற்றவர் கரித்துண்டால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுப்பார். பிறகு அந்த உருவத்துக்குள்ளே சாரன் கட்டம், வலை முடிச்சு, முருங்கை இலை அச்சு என்று அவரவர் விருப்பத்துக்கு நிறம் தீட்டலாம். தலை மட்டும் வெறுமையாக இருக்கும்.

அதுதான் பேச்சு. உயிருள்ளதைக் கண்ணும் முகமுமாகக் கீறி வரைவதைப் பல வீடுகளில் விரும்பமாட்டார்கள். முஸ்பிறா வளர்ந்த வீடும் அப்படித்தான். அதனால் வாரம் தொடங்குமுன்னே பன்னிரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து, முகம் வராது, கண் வராது என்று வாக்குக் கொடுத்திருந்தாள். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த அஸீம் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, “குடுத்த சொல்லு மாறாட்டி நானே பேரப்புள்ளயளக் கூட்டிட்டு வாறன்” என்றார். வந்தார். வெள்ளைச் சாரனோடு துணியில் நீட்டி நிமிர்ந்து படுத்து, பேத்தி அக்குளில் கோடு இழுத்தபோது கூச்சம் தாங்காமல் சிரித்தார். சனிக்கிழமை கண்காட்சி. ஊரே வரும். பொறுப்பாளருடைய துணியிலேயே, அவளுடைய பிள்ளையின் தலையிலேயே கண் இருந்தால் அவள் எந்த முகத்தோடு வாசலில் நிற்பாள்? அடுத்த வருடம் ஒரு குடும்பம் இந்தப் படி ஏறுமா?

கரியைத் துடைக்கப் பாண் ரொட்டித் துண்டுதான் நல்லது. பாணைப் பிசைந்து உருட்டித் தேய்த்தாள். கோட்டின் ஓரம் கலைந்தது, புள்ளி அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கடைசியில் ஒரு கடதாசியை அதன்மேல் ஊசியால் குத்தி மறைத்துவிட்டு, வருகிற குடும்பங்களுக்குச் சிரித்த முகம் காட்டினாள். உள்ளே எரிச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ வேண்டுமென்று செய்திருக்கிறார்கள்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டில் பஸ்னா இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டே வந்தாள்.

“உம்மா, கண்ணுக்க என்னமோ உறுத்துது. ஆரோ தேய்க்கிற மாதிரி.”

கச்சான் காற்று நாலு நாளாக வயல் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. முஸ்பிறா தண்ணீரால் கழுவிவிட்டாள். சிவந்திருந்தது. மண் ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை கடதாசி தரையில் கிடந்தது. ஊசி துணியிலேயே இருந்தது. புள்ளிகள் வளர்ந்திருந்தன. மேல் இமை, கீழ் இமை, ஒவ்வொன்றாக எண்ணி வைத்த மயிர், நடுவில் கருவிழி. நல்ல கைதான் கீறியிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளும் கை நடுங்கும் வாப்பாமாரும் வந்துபோகிற இடத்தில் இப்படிக் கீறக் கூடியவர் எத்தனை பேர்?

கதவுத் திறப்பு வைத்திருப்பவர், அவள் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் அபூசாலி. பகலில் வாசலில் இருப்பதும் இரவில் காவல் படுப்பதும் அவர்தான்.

“நான் போனதுக்குப் பொறகு ஆரு காக்கா உள்ளுக்கு வந்த?”

“ஒருத்தரும் வரல்ல புள்ளே. நீ போனா நான் கதவப் பூட்டி, திறப்ப இடுப்புல சொருகினா, விடிய சுபஹுக்குத்தான் எடுக்கிற.”

“அப்ப இது தானா வந்ததா?”

அவர் துணியைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு அதப் பாக்க ஏலா. ரெண்டு நாளா இதுக்கு முதுகு காட்டிக் கதிரையத் திருப்பிப் போட்டுத்தான் படுக்கன்” என்றார். குற்றமுள்ளவன்தான் கண்ணைப் பார்க்கமாட்டான் என்று முஸ்பிறா நினைத்துக்கொண்டாள். ஆனால் அபூசாலி காக்காவுக்குக் கோடு இழுக்கவே வராது. அவர் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். கீறியவர் வேறு.

மியூசியத்தில் நன்றாகக் கீறக் கூடியவர் ஒருவர்தான். வீரமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் ஓவிய ரீச்சர் சுலக்சனா. தூரிகை கழுவிக் காயவைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவள். முதல் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, கோயில் சிலைகளுக்கு நிறம் தீட்டுகிற தன் அப்பா எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் திறப்பார் என்று அவளே சொல்லியிருந்தாள். அன்றைக்கு அந்தக் கதையை முஸ்பிறா ஆசையோடுதான் கேட்டாள். இப்போது அது முள்ளாகக் குத்தியது.

அன்றிரவு சோற்றுக்கு முன்னால் பஸ்னா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். முகம் சுவர்ப்பக்கம்.

“சாப்பிடு மகள்.”

“அபூசாலி மாமா நித்திரை, உம்மா. தலய அண்ணாந்து, வாயத் தொறந்துட்டு.”

“ஆரு சொன்ன?”

“பாக்கன்தானே. கதிரைல. செருப்பு ஒண்டு கழண்டிட்டு.”

மியூசியம் ஒரு மைல் தூரத்தில் இருந்தது. முஸ்பிறா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். உடனே கோபம் வந்தது. கோபம் வந்தது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. அபூசாலிக்குப் போன் எடுத்தாள். நாலைந்து தரம் மணி அடித்த பிறகு தூக்கக் குரலில், “இப்பத்தான் கண் அசந்த புள்ளே. என்ன விசயம்?” என்றார். போனை வைத்தாள். அப்படியென்றால் பிள்ளையை யாரோ பழக்கியிருக்கிறார்கள். என்ன சொல்லவேண்டும், எப்போது சொல்லவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவேளை பிள்ளையின் கையாலேயே கீற வைத்திருக்கலாம். பஸ்னாவின் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து நகம் நகமாகப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் நகத்துக்குள் கரி தேடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கரி இல்லை. பஸ்னா தண்ணீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். கை கோப்பைக்குப் பக்கத்தில் வெறும் பாயைத் தடவியது.

“வெளையாடாத” என்று முஸ்பிறா கத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு துணிகளைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிடும் வேலை. அன்று குடும்பங்களுக்கு லீவு. பஸ்னாவையும் கூட்டி வந்திருந்தாள். இனி அவளை ஒருவரோடும் தனியாக விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். வழிநெடுக அவள் உம்மாவின் சாரியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். முன் அறையில் யன்னலுக்குப் பக்கத்தில் பாயில் அவளை இருத்தி நிறப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, சுலக்சனாவை ஏழாம் துணிக்கு முன்னால் கூட்டிப் போனாள்.

“இது ஆருட கை?”

சுலக்சனா பார்த்தாள். “என்ட கை இல்ல அக்கா. கண் வைக்கிறல்ல எண்டு நீங்க சொன்ன அண்டைக்கே நான் ஓம் எண்டுதானே சொன்ன.”

“உங்களைத் தவிர இஞ்ச ஆருக்கு இப்படிக் கீற ஏலும்?”

சுலக்சனா துணிக்குக் கிட்டப் போனாள். கண்களுக்கு எதிரே உள்ளங்கையை விரித்து நிழல் விழப் பிடித்தாள். எடுத்தாள். மறுபடி பிடித்தாள். பிறகு கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் வந்தாள்.

“கருவிழி சுருங்குது அக்கா. வெளிச்சம் பட்டா சுருங்குது.” துணியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள். “இதத் தொடாதீங்க. முதல்ல பஸ்னாவக் கூப்பிடுங்க. புள்ளட கண்ண ஒருக்காப் பாப்பம்.”

“உங்கட கோயில் கதைய என்ட புள்ளைல கட்டாதீங்க.”

சொன்ன உடனே அந்த வார்த்தையின் அசிங்கம் முஸ்பிறாவுக்கே தெரிந்தது. திருப்பி எடுக்க மனம் வரவில்லை. சுலக்சனாவின் கண் நிறைந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “நான் போறன். நாளைக்கு வரவும் மாட்டன். ஆனா அத அழிக்காதீங்க அக்கா, கும்பிட்டுக் கேக்கன்” என்றாள். ஸ்கூட்டிச் சத்தம் வீதியில் தேய்ந்து போனது. நல்ல நடிப்பு என்று முஸ்பிறா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அபூசாலியையும் பள்ளிவாசலுக்கு அனுப்பினாள். திறப்பை வாங்கிக்கொண்டாள். கதவுக்கு உள்கொண்டி போட்டாள். இனி உள்ளே இருப்பது அவளும் பிள்ளையும்தான்.

கச்சான் கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. சுவரின் மேல் ஓட்டைகளால் அது உள்ளே புகுந்து, உமி வாசத்தையும் ஈரப் பெயின்ற் நெடியையும் ஒன்றாகக் கிளப்பி, தொங்குகிற துணிகளை மெல்ல ஊதிப் பருக்க வைத்தபோது, முகமில்லாத வாப்பாக்களும் உம்மாக்களும் பிள்ளைகளும் மூச்சு இழுத்து விடுவதுபோல் இருந்தது. வெள்ளைச் சுவர்ப் பெயின்ற் வாளியையும் அகலத் தூரிகையையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவால் அவள் நடந்தாள். ஒரு துணி அவள் தோளை உரசியது. இன்னொன்று முதுகை உரசியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாம் துணி மட்டும் ஆடவில்லை.

கண்கள் அவளைப் பார்த்தன. இடப்பக்கம் நகர்ந்தாள். கூடவே வந்தன. வலப்பக்கம். வந்தன. ஈரமாக மின்னின. இன்னும் கிட்டப் போனாள். கருவிழிக்குள் சின்னதாய் ஒரு பெண். கையில் தூரிகை. அவளேதான்.

நாளைக்கு ஹாஜியார் வருவார். ஊர் வரும். யாரோ அவளை அவமானப்படுத்தப் பார்க்கிறார்கள். விடமாட்டாள்.

தூரிகையை முக்கினாள். கண்கள் அகலமாகின. கெஞ்சுகிறமாதிரி.

ஒரே இழுவை. இடமிருந்து வலம்.

இரண்டும் வெள்ளைக்குள் போயின. காற்று நின்றது. தகரம் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

“உம்மா.”

“என்ன மகள்?”

“லைட்டப் போடுங்க.”

முன் அறையின் மேற்கு யன்னல் முழுக்கத் திறந்திருந்தது. வெயில் பாய்மேல் நிறைந்து கிடந்தது. பஸ்னா அந்த வெயிலுக்குள் இருந்தாள். நிறப்பெட்டி திறக்கப்படவேயில்லை.

“உம்மா, லைட்ட ஏன் நிப்பாட்டின? எனக்குப் பயமா இரிக்கி.”

முஸ்பிறா ஓடினாள். பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இமைகள் திறந்திருந்தன. உள்ளே வெள்ளை. சுவர் வெள்ளை. அதில் தூரிகை மயிரின் தடம், இடமிருந்து வலமாக, ஈரத்தோடு.

“யா அல்லாஹ்.”

திரும்பி ஓடினாள். வாளி கவிழ்ந்தது. சறுக்கினாள். எழுந்தாள். துணிகளை விலக்கினாள். ஏழு. ஏழு எங்கே? இதோ. பெயின்ற் இன்னும் காயவில்லை. காயமுன்னே எடுத்துவிடலாம். எடுத்துவிடவேண்டும். முந்தானையைச் சுருட்டித் தேய்த்தாள். வெள்ளை வந்தது. வா. வா. இன்னும் தேய்த்தாள். அடியில் கறுப்புத் தெரிந்தது. இமை. மயிர். அழுகையோடு சிரித்தாள். மெதுவாக. மெதுவாக.

கறுப்பும் வந்தது.

நிறுத்தினாள். பிந்திவிட்டது. பாண் போட்டுத் தேய்த்தும் அசையாத கரி, முந்தானையோடு ஒட்டிக்கொண்டு முழுசாக வந்திருந்தது. கீழே துணிதான். சுத்தமான துணி. நூல் நூலாகத் தெரிந்தது. கடையில் வாங்கின அன்றைக்கு இருந்தமாதிரி.

பின்னால் சின்னக் காலடி. சிந்திய பெயின்ற்றில் சளக், சளக். சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம். துணிகள் ஒவ்வொன்றாக விலகின.

முஸ்பிறா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

குளிர்ந்த கை அவள் இடுப்பைத் தொட்டது. கையைத் தேடியது. விரலைப் பிடித்தது.

“உம்மா, உறுத்துறது போயிட்டு” என்றாள் பஸ்னா. “தொட்டுப் பாருங்க.”

பிள்ளை அந்த விரலை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் முஸ்பிறாவின் விரல் இமையோ குழியோ எங்கேயும் தடுக்காமல் இறங்கியது.