மத்தியானத்தில் கேட்ட என் குரல்

தங்கை குடியிருந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருக்கும். பழைய மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மேலே ஒற்றை அறையில் என் தங்கை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள். பதினோரு நாளாக வேலைக்கு வரவில்லை, போனையும் எடுப்பதில்லை என்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. லீவு கேட்டபோது முதலாளியிடம், "தங்கச்சிக்கு மஞ்சக்காமாலை" என்றேன். பொய். அவளுக்கு என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். அதை வெளியே சொல்லத்தான் வாய் கூசியது.

படியேறப் போனவனை வீட்டுக்காரம்மா நிறுத்தினார்.

"யாருப்பா நீங்க?"

"மேல இருக்கிற டீச்சரோட அண்ணன்."

"அட, நீங்கதானா! தினம் மத்தியானம் உங்க குரல் கேக்குது. ஆனா ஒரு நாள்கூட நீங்க படியேறி நான் பாத்ததில்ல. நான் கண்ணசர்ற நேரமாப் பாத்து பூனை மாதிரி வந்துட்டுப் போயிடுறீங்க போல" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

அந்த வீட்டுப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. தங்கையோடு பேசியே ஏழு மாதம் ஆகியிருந்தது.

மேலே கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே, காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்த, அறைக்குள் பாதி இருட்டு. சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சின்ன வயதில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

கட்டிலை ஒட்டி, அவள் தலைமாட்டில், ஒரு மெத்தை நாற்காலி கிடந்தது.

"வாலு, சாப்பிட்டியா?"

"தெரியல."

அவள் தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பயத்தைத்தான் அப்படிக் கோபமாக மாற்றிக்கொண்டேன் என்பது பிறகுதான் புரிந்தது.

"என்ன கோலம் இது? எழுந்து குளி. நாலு பேரோட கலகலன்னு பேசினா எல்லாம் சரியாப் போயிடும். உனக்கு என்ன குறைச்சல், சொல்லு?"

"அதான் தினமும் சொல்றியே அண்ணா" என்றாள், திரும்பாமலே.

காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

பாலும் ரொட்டியும் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பும்போது மணி இரண்டு. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வீட்டுக்காரம்மா சாய்வு நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பாதிப் படி ஏறியிருப்பேன்.

மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பாரு, எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு. எல்லாரும் உன்ன மாதிரியா படுத்துக் கெடக்கிறாங்க?"

என் குரல்.

பேச்சைத் தொடங்குமுன் செருமுவது என் வழக்கம். எதற்கும் 'பாரு' என்று ஆரம்பிப்பதும் என் வழக்கம். ஏழு மாதத்துக்கு முன், அவள் போனில் அழுதபோது நான் சொன்ன அதே வார்த்தைகள்.

என் வாய் மூடித்தான் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் தள்ளினேன். அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல மேலெழும்பியது.

தங்கை முணுமுணுத்தாள்.

"பால் வாங்கப் போறேன்னியே. போகவே இல்லையா?"

பால் பாக்கெட் என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் நினைத்தேன். இரண்டு படி இறங்கியும் விட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் ஓடிவிடலாம். அவள் எங்கே ஓடுவாள்? ஏழு மாதமாக அதோடு தனியாக இருந்திருக்கிறாள்.

திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மெத்தை சூடாக இருந்தது.

மறுநாள் கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளைத் தனியாகப் பார்த்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்ல சார். மனச்சோர்வு. இதுவும் ஒரு நோய்தான். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் புத்திமதி சொல்லாதீங்க. பக்கத்துல இருங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க. பதில் ஆமான்னு வந்தா தனியா விடாதீங்க, உடனே எனக்குச் சொல்லுங்க."

அவளுக்குக் குரல் கேட்கிறது என்று சொன்னேன். எனக்கும் கேட்டது என்பதைச் சொல்லவில்லை. அது யாருடைய குரல் என்பதையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், அவள் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போர்வையை விலக்கி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். ஆனாலும் வெளிச்சம் கட்டில்வரை வந்து நின்றுவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

"வாலு, சாகணும்னு தோணுதா?"

அவள் முதல்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"தோணுது. நீதானே தினமும் சொல்றே. நீ போய்ட்டா எங்களுக்கு நிம்மதின்னு."



அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் நினைத்தேன். ஏழு மாதத்துக்கு முன், அவள் அழ அழப் போனை வைத்த அந்த நொடியில். ஒரே ஒரு முறை.

அப்போது எனக்குப் பின்னால், என் பிடரிக்கு வெகு அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பாரு..."

அது மேலே பேசுவதற்குள் நான் பேசினேன். நாக்கு குழறியது.

"நான் அதச் சொல்லலடி. ஆனா நெனச்சேன். அன்னைக்குப் போனை வச்சதும் நெனச்சேன். அந்த வெட்கத்துலதான் உன் முகத்துல முழிக்காம இருந்துட்டேன். எனக்கு நிம்மதி வேணாம். நீ இரு."

அவள் அழுதாள். எத்தனையோ மாதமாக வராத அழுகை. அவள் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்த குரல் வாக்கியத்தை முடிக்கவில்லை.

டாக்டரிடம் அப்போதே சொன்னேன். அன்றே அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நான் கடையில் இருக்கும் நேரம் என் மனைவி அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டாள். முதலாளியிடம் போய், மஞ்சக்காமாலை இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். "இதுக்குப் போயி ஏன்யா பொய் சொன்னே?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் வீட்டில் இல்லாதபோது என் குரல் கேட்டால் உடனே போன் செய்து, "இப்ப நீ பேசினியா?" என்று கேட்க வேண்டும். முதல் வாரம் ஒரே நாளில் ஒன்பது முறை கேட்டாள். ஒன்பது முறையும், "இல்லடா, நான் கடையில இருக்கேன்" என்றேன். பிறகு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்தது. நான்கு மாதம் கழித்து மீண்டும் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள்.

போன மாதம் ஒரு மத்தியானம். கடையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் ரீங்காரம் அடங்கியது.

"அண்ணா."

என் தங்கையின் குரல்.

"அண்ணா, அந்த நெனப்பு இன்னும் இருக்கா?"

திரும்பினேன். யாரும் இல்லை.

ஈரக் கையோடு அவளைப் போனில் கூப்பிட்டேன். மறுமுனையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"வாலு, இப்ப நீ பேசினியா?"

கூச்சல் சற்று விலகியது; ஒதுக்குப்புறமாக நடந்து வந்திருப்பாள்.

"இல்லண்ணா. நான் ஸ்கூல்ல இருக்கேன்." பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "என்ன சொல்லுச்சு?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"எதுவா இருந்தாலும் சொல்லு. நான் லைன்லதான் இருக்கேன்."

வலது காதில் அவள். இடது காதில் அதே குரல், இன்னும் தணிவாக.

"அவகிட்ட சொல்லாத."

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை, என் இடது காதில் யாரோ சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.