செவிச்சல்லடை

ஜும்ஆ முடிந்ததும் அலைப்பட்டினத்து மக்கள் வழக்கம்போல அமீரின் மாளிகை முன் வரிசையில் நின்றார்கள். மாளிகைக்குக் கதவு கிடையாது. தேவையுள்ளோருக்குக் கதவடைக்கும் ஆட்சியாளனின் தேவைக்கு அல்லாஹ்வும் கதவடைப்பான் என்று குத்பா பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, அமீர் தவ்பீக் தேக்குக் கதவுகளைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டார். ஊரே நெகிழ்ந்துபோனது.

காவலரும் இல்லை. யாரும் நேரே போய்ப் பேசலாம். அமீர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். அவர் காதுக்குள் பயறளவில் ஒரு கருவி இருப்பது அவருக்கும், பின்னால் கணினித் திரையைப் பார்த்து உட்கார்ந்து அதை இயக்கும் எனக்கும்தான் தெரியும். பெயர் செவிச்சல்லடை. எதிரே இருப்பவரின் அழுகையையும் ஏச்சையும் சலித்துவிட்டு, அதே குரலில் நன்றியாக மாற்றி ஊட்டும். குறைகளைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு வலிக்கிறது என்று அவரே செய்யச் சொன்னது. மார்க்கப் பேணுதலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை, தஸ்பீஹ் மணி கையைவிட்டு இறங்காது.

அன்று முதலில் வந்தவள் சபுரா. சுரங்கத் தொழிலாளி இஸ்ஹாக்கின் தாய்.

"அமீரே, மாளிகைக்குத் தண்ணி வர்ற கடல்நீர்ச் சுரங்கத்துல எம்புள்ள மாட்டிக்கிட்டான். உள்ள காத்து தீரப்போவுது. உங்க விரல்ரேகை பட்டாத்தான் அடைப்புப் பூட்டு திறக்குமாம். வந்து திறந்து வுடுங்க!"

அவர் காதில் விழுந்தது என் திரையில் ஓடியது: 'எம்புள்ளைக்குச் சுரங்கத்துல வேல குடுத்தீங்க. உங்க தயவுலதான் மூச்சு வுடுறோம்.'

"மாஷா அல்லாஹ்," என்று அமீர் சிரித்தார். "மவனுக்கு என் சலாம் சொல்லுங்க."

சபுரா ஓரடி முன்னால் வந்தாள். நான் சல்லடையை அணைத்தேன்.

"சிரிக்கிறீங்களே! அவன் சாவப்போறான் அமீரே!"

அமீரின் முகம் சுண்டியது. என் பக்கம் திரும்பினார்.

"நவ்சாத், கருவி பழுதாயிடுச்சா?"

"இல்லீங்க. நான்தான் அணைச்சேன். அந்தம்மா சொல்றது நெசம். போய்த் திறங்க."

"திறந்தா சுரங்கத்துத் தண்ணி வடிஞ்சுடும், மாளிகை மேல்மாடிக்கு நாளைக்கு வரைக்கும் வராது. இன்னைக்கு அங்க பெரிய மனுசங்களுக்கு விருந்து வச்சிருக்கேன்."

"உயிருங்க அது!"

"அதெல்லாம் கேட்டா எனக்கு நெஞ்சு வலிக்கும்னு உனக்குத் தெரியாதா? போடு."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவரே காதைத் தொட்டு அழுத்திக்கொண்டார். அடைப்பைத் திறக்கக்கூடிய அதே விரலால். அவர் முகத்தில் பழைய சாந்தம் வந்து உட்கார்ந்தது. மலத்தின் மேல் அத்தர் தெளித்ததுபோல் இருந்தது.

சபுரா அதற்குமேல் அவரிடம் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள். அநீதிக்குள்ளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே திரையில்லை என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரிசை மொத்தமும் கையேந்தியது.

"யா அல்லாஹ்! எம்புள்ளைக்கு முட்டுற மாதிரி இவருக்கும் மூச்சு முட்டணும். ஒரு வாய்க் காத்துக்கு இவரும் ஏங்கணும்."

என் திரையில், 'யா அல்லாஹ், அமீருக்கு நீண்ட ஆயுளைக் கொடு' என்று ஓடியது.

"ஆமீன்," என்றார்கள் மக்கள்.

அமீரும் கண்ணை மூடிக் கையேந்தி, எல்லோரையும்விடச் சத்தமாக, "ஆமீன்" என்றார்.