கன்னையா கட்டிய வீடு

மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன. நாற்காலிகளும் நான்கு. உட்கார்ந்திருந்த பொம்மைகள் மட்டும் மூன்று. பொம்மை வீட்டின் கூரையைத் தூக்கிய முதல் நிமிடமே அது லோகனின் கண்ணை உறுத்தியது. ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். விரல் நீளம்கூட இல்லாத உருவங்கள், மஞ்சள் முகம், முகத்தில் அச்சடித்த சிரிப்பு. வேறு யாராவது என்றால் ஒரு பொம்மை எங்கோ தொலைந்துபோயிருக்கும் என்று விட்டிருப்பார்கள். லோகனுக்குக் குறை என்றால் ஆகாது. ஷா ஆலம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாகப் பதினான்கு வருடம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வை அவனை விடுவதில்லை.

வயது முப்பத்தொன்பது. பிளாஸ்டிக் பிரிக்ஸை அடுக்கி வீடும் பாலமும் ரயில் நிலையமும் கட்டுவதுதான் பொழுதுபோக்கு. "பொம்மை வெச்சு வெளையாடுற வயசா இது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்ட மச்சானோடு பேச்சை நிறுத்தி மூன்று தீபாவளி ஆகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோராவது மாடி வீட்டின் மூன்றாவது அறை முழுக்க அவனுடையது. சுவரை ஒட்டி நாற்பத்தெட்டு இழுப்பறைகள். நிறம் வாரியாக, வடிவம் வாரியாகப் பிரித்த கற்கள். மருத்துவமனையில் தாதியாக இருக்கும் மனைவி விஷ்ணுப்ரியா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனால்கூட முறைப்பான். ஏழு வயது மகள் தாமரை மட்டும் அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். இந்த உலகத்தில் லோகன் எரிந்துவிழாமல் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

நான்கு தட்டு வைத்த அந்தப் பொம்மை வீடு கிள்ளானிலிருந்து வந்தது. செத்துப்போன தன் அண்ணன் கன்னையா வைத்திருந்த பிரிக்ஸை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று புஷ்பவல்லி என்ற அம்மாள் இணையத்தில் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் லோகன் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் கிடந்தன. மேல் பெட்டியில் முழுதாகக் கட்டிய இந்த வீடு. அந்த அம்மாள் கேட்டைத் தாண்டி வரவே இல்லை.

"இத இங்கயே ஒடச்சிட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு."

"சொன்னா கேளுங்க. நான் அதத் தொட மாட்டேன்."

"வீட்டுல போயி பிரிச்சிக்கிறேன் லா. மழ வருது பாருங்க."

பிரிக்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. இந்த மாதிரி வேலையை எவன் உடைப்பான்? கிள்ளான் தாமான் குடியிருப்புகளில் வரிசையாக நிற்கும் ஒற்றை மாடி டேரஸ் வீடு அப்படியே இருந்தது. முன்னால் தகர இறக்கம், கிரில் கதவு, செருப்பு வைக்கும் பலகை, வாசல் நிலையில் மாவிலைக்குப் பச்சைக் கல் துண்டுகள். கூரையைத் தூக்கினால் முன் அறையும் சாப்பாட்டு மேசையும் தெரியும். பின்னால் ஓர் அறைக்கு மட்டும் கூரை கழலாது. சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தது, ஜன்னலும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் லோகனுக்குப் புரியவில்லை. கற்களின் விளிம்பெல்லாம் வெளுத்து, பிடிப்புத் தளர்ந்திருந்தது. பல நூறு தடவை மாட்டிப் பிடுங்கிய கற்கள்தான் அப்படி ஆகும். ஒரே வீட்டை எதற்கு ஒரு மனுஷன் திரும்பத் திரும்பக் கட்டினான்?

லோகன் சேர்ந்திருந்த, பிரிக்ஸ் கட்டுகிறவர்களின் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தன்னைப் போலவே ஒரு பொம்மை செய்து வைத்திருப்பார்கள். எதைக் கட்டினாலும் அதை உள்ளே நிறுத்திப் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். லோகன் தனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து மூன்று செய்திருந்தான். முதலில் தன் பொம்மையைத்தான் அந்த நான்காவது நாற்காலியில் வைத்தான். நிற்கவில்லை, இரண்டு தடவை சரிந்து விழுந்தது. பிறகு நீலப் பள்ளிச் சீருடை போட்ட, இரட்டைச் சடை வைத்த தாமரையின் பொம்மையை வைத்தான். டக்கென்று உட்கார்ந்தது. இப்போது குறை இல்லை. மனசு நிறைந்துபோய் அவனே சிரித்துக்கொண்டான். மேசையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான்.

படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் சங்க நண்பன் பாலன் குரல் பதிவு அனுப்பினான். "பாஸ், வேல செம லா. ஆனா மூனு பேரும் ஏன் பாப்பாவையே பாக்குறாங்க?"

லோகன் கூரையைத் தூக்கினான். மூன்று தலைகளும் நான்காவது நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தன. நேராக வைத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கை பட்டிருக்கும். திருப்பி நேராக வைத்தான்.

திங்கட்கிழமை காலை தாமரை ரொட்டியைத் தொடவில்லை.

"பசியாறிட்டேன்பா."

"எப்ப? யாரு கொடுத்தா?"

"ஆன்டி."

விஷ்ணுப்ரியா வேலைக்குக் கிளம்பிப் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று லோகன் அதட்டிவிட்டுக் கையைப் பிடித்தான். குழந்தையின் விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. முகர்ந்தால் கருவாட்டுக் குழம்பு. அவர்கள் வீட்டில் கருவாடு வாங்குவதே இல்லை, விஷ்ணுப்ரியாவுக்கு அந்த வாடை ஆகாது. பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்ததால் அதோடு விட்டான்.

மறுநாள் அந்த வாடை மூன்றாவது அறையில் இருந்தது. கருவாடு, மண்ணெண்ணெய், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் ஈரம். கீழே மோனோரயில் போகும் இரைச்சலும் பக்கத்துத் தெருவில் மாலை கட்டுகிறவர்களின் பாட்டுப் பெட்டியும் எப்போதும்போல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், காது வைத்துக் கேட்டால்தான் பிடிபடுகிற மாதிரி, எவர்சில்வர் தட்டில் விரல் உரசும் சத்தம். வழித்து வழித்துச் சாப்பிடுகிற சத்தம். லோகன் கூரையைத் தூக்கினான், சத்தம் நின்றது. மூன்று தலைகளும் தாமரையின் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பொம்மையை எடுத்துவிடலாம் என்று இழுத்தான். வரவில்லை. கல் பிரிக்கிற நெம்பியை நுழைத்து இழுத்தான். நெம்பிதான் வளைந்தது. சனியனே என்று திட்டிவிட்டு விரல் கன்றிப்போகும்வரை இழுத்துப் பார்த்தான். வாழ்நாளில் இப்படி ஒரு பிடிப்பை அவன் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை.

புதன்கிழமை அவனே பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"அந்த ஆன்டி எப்படி இருப்பாங்கம்மா?"

"சிரிச்சிக்கிட்டே இருப்பாங்க."

"ம்."

"சாப்புடும்போதும் சிரிப்பாங்கப்பா. வாயே தொறக்க மாட்டாங்க. அண்ணனும் அக்காவும் அப்படித்தான்." தாமரை தன் சடையை முகர்ந்து பார்த்தாள். "என்னையும் அப்படிச் சிரிக்கச் சொன்னாங்க. எனக்கு வரல."

லோகன் மனைவியிடம் சொன்னான். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. "புள்ள ஒழுங்கா சாப்புடாம கதை சொல்லுது. நீங்க அதுக்கு மேல கதை சொல்றீங்க. அந்தக் குப்பையத் தூக்கி வெளிய போடுங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்?" என்றாள். அவன் பதிலுக்குக் கத்தினான். இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தை மெலிந்துகொண்டே வந்தது. பசியாறிட்டேன், பசியாறிட்டேன் என்று மட்டும் சொன்னது.

சனிக்கிழமை. வெளியே புகைமூட்டம், பதினோராவது மாடி ஜன்னலுக்கு அப்பால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. விஷ்ணுப்ரியாவுக்கு நான்கு மணி வரை வேலை. தாமரை சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் தலையணையும் போர்வையும் மடித்து வைத்திருந்தாள்.

"எதுக்கும்மா தலகாணி?"

"ஆன்டி பின்னாடி ரூம்ல எனக்கு எடம் போட்டுட்டாங்க. இனிமே அங்கதான் படுக்கணுமாம்."

லோகனுக்குப் பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என் பிள்ளைக்கு இடம் போட இவர்கள் யார்? அந்த அம்மாள் சொன்னபோதே உடைத்திருக்க வேண்டும். முட்டாள், முட்டாள். வாசல் கிரிலைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான்.

கூரையைத் தூக்கினான். நாற்காலிகள் நான்கும் காலி. தட்டுகள் காலி. மூவரும் இல்லை. தாமரையின் பொம்மையும் இல்லை.

"தாமர!"

"ம்ம், டிவி பாக்குறேன்பா," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

இருக்கிறாள். பொம்மை கழன்றுவிட்டது, பிள்ளை இங்கே இருக்கிறாள். இப்போதே உடைத்துவிட வேண்டும். தகர இறக்கத்தைப் பிய்த்தான். கிரிலை, வாசலை, முன் சுவரைப் பிய்த்தான். கல்லைக் குவியலாக விட்டால் மறுபடி வீடாகிவிடுமோ என்று ஒரு பயம் வந்தது. அதனால் பழகின கை செய்கிற வேலையைச் செய்தது. வெள்ளைக் கல் வெள்ளைக்கு, சிவப்பு சிவப்புக்கு, ஓட்டுக் கல் ஓட்டுக்கு. ஒவ்வொன்றாகப் பிரித்து நாற்பத்தெட்டு இழுப்பறைகளிலும், அவனிடம் ஏற்கெனவே இருந்த ஆயிரக்கணக்கான கற்களோடு கலந்தான். கடைசியாகப் பின் அறை. கல் கல்லாக உடைத்தான். உள்ளே எதுவும் இல்லை. மேலே நான்கு கற்கள், கீழே நான்கு கற்கள் என்று ஒரு சின்னப் படுக்கை மட்டும். அதையும் உடைத்தான். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாடை போய்விட்டது. லோகன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டான்.

"தாமர, வாம்மா. கீழ போயி ஐஸ்கிரீம் வாங்கலாம்."

டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் யாரும் இல்லை.

குளியலறை. படுக்கையறை. அலமாரி. கட்டிலுக்கு அடியில். பால்கனிக் கதவு உள்ளே தாழ்ப்பாள். வாசல் கிரில் பூட்டியபடி. சாவி அவன் பையில். அவள் செருப்பு செருப்புப் பலகையில். தலையணை இல்லை. போர்வை இல்லை.

புஷ்பவல்லியின் எண்ணைத் தேடி அழைத்தான்.

"அக்கா, நான் லோகன். பிரிக்ஸ் வாங்கிட்டுப் போனேனே. வீட்ட ஒடச்சிட்டேன்க்கா. என் மவளக் காணல."

"யாரையாச்சும் உள்ள ஒக்கார வெச்சீங்களா தம்பி?"

"என் மவளோட பொம்மைய வெச்சேன்க்கா."

"வெச்சிட்டு ஒடச்சிட்டீங்களா?" புஷ்பவல்லி அழ ஆரம்பித்தார். "எங்கண்ணனும் அதத்தான் செஞ்சாரு. அண்ணி, ரெண்டு புள்ளைங்க. பதினோரு வருசமா அதே வீட்டத் திரும்பத் திரும்பக் கட்டுனாரு தம்பி. ஒரு கல்லு மாறினாலும் பிரிச்சிட்டுத் திரும்பக் கட்டுவாரு."

"வந்தாங்களா? அக்கா, திரும்ப வந்தாங்களா?"

"வந்தாங்க. ஆனா சரியா வரல."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தான், எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

லோகன் அறைக்கு ஓடினான். படம். ஒரே ஒரு படம்தான் எடுத்திருந்தான், மேசையை மட்டும். சுவர் எத்தனை வரிசை? நினைவில்லை. பின் அறையின் கதவு இடது பக்கமா, வலது பக்கமா? கன்னையாவின் வெள்ளைக் கல் எது, தன் வெள்ளைக் கல் எது? வெளுத்த விளிம்பைப் பார்த்துப் பொறுக்கலாம். பொறுக்கினான். தரையில் உட்கார்ந்து இரண்டு கற்களைச் சேர்த்து அழுத்தினான்.

"ப்பா," என்றது ஏதோ ஒன்று.

உறைந்தான்.

மேல் வரிசையில், ஓட்டுக் கற்கள் இருந்த இழுப்பறையிலிருந்து ஒரு விசும்பல். பச்சைக் கற்களிலிருந்து கால் உதைக்கும் சத்தம். மூலையில், ஜன்னல் சட்டங்கள் இருந்த இழுப்பறைக்குள் பற்கள் தந்தியடிக்கிற சத்தம். வேறெங்கோ, "இருட்டா..." வேறெங்கோ, "...இருக்குப்பா." எல்லாம் அவள் குரல். எல்லாம் தனித்தனியாக. அவன் பிரித்து வைத்தது போலவே.

வாசல் கிரிலில் சாவி திரும்பியது.

"தாமர! அம்மா வந்துட்டேன் பாரு, சாப்புட ரோஜாக் வாங்கியாந்திருக்கேன்," என்று விஷ்ணுப்ரியா செருப்பைக் கழற்றினாள். பதில் வராததால் நேராக மூன்றாவது அறைக்கு வந்தாள். தரையில் கற்களுக்கு நடுவே மண்டியிட்டுக் கிடந்த கணவனைப் பார்த்தாள். "புள்ள எங்கங்க?"

"தொடாத ப்ரியா. மிதிச்சிராத. ஒரு கல்லுகூட மாறக்கூடாது."

"புள்ள எங்கன்னு கேட்டேன்!"

"ம்மா," என்றது சுவர்.

கையில் இருந்த பொட்டலம் நழுவி விழுந்தது. விஷ்ணுப்ரியா சத்தம் வந்த பக்கம் போனாள். லோகன் அவள் காலைப் பிடித்தான், உதறிவிட்டாள். நடு வரிசையில் ஓர் இழுப்பறையை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே வெள்ளைக் கற்கள், ஆயிரக்கணக்கில். தூங்குகிற குழந்தையின் நெஞ்சு போல மெல்ல மேலே எழும்பின. தணிந்தன. மறுபடி எழும்பின.

அவள் கையை உள்ளே விட்டாள். சூடாக இருந்தது.

"தாமர?"

மீதி நாற்பத்தேழு இழுப்பறைகளும் ஒரு விரற்கடை அளவுக்குத் தாமாகவே திறந்தன.